கைக்குழந்தையும் கன்றுக்குட்டியும் இருக்கிற வீட்டுக்கு ஒரு ரோட்டா வைரஸ் வழிகாட்டி

காலை ஆறரை மணி இருக்கும். வேலூர் பக்கத்தில் சித்தி வீட்டுத் திண்ணையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதப் பேத்திக்கு முதல் நாளிலிருந்து தண்ணியாகப் போய்க்கொண்டிருந்தது. "பல்லு முளைக்குது, அதான்" என்று சொல்லிக்கொண்டே சித்தி குழந்தையைத் துவைக்கிற கல்லுக்குத் தூக்கிப்போய்க் கால் கழுவிவிட்டார். கையை வெறும் தண்ணீரில் அலசி, முந்தானையில் துடைத்தார். சொம்பைக் குடத்துக்குள் விட்டு மூத்த பேரனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அப்புறம் தொழுவத்துக்குப் போய், பிறந்து பத்து நாளான கன்றுக்குப் பாலில் விரலை நனைத்து நனைத்து ஊட்டினார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம். இரண்டாம் நாள் ராத்திரி பேரனுக்கு வாந்தி தொடங்கியது.

குழந்தையிடமிருந்து வந்ததா, தண்ணீரிலிருந்து வந்ததா, கழிந்துகொண்டிருந்த கன்றிடமிருந்து வந்ததா என்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. மூன்றுக்கும் இடமுண்டு. ஆனால் மூன்றும் சம எடை இல்லை. குழந்தையின் மலத்திலிருந்து கைவழியாக இன்னொரு வாய்க்குப் போவதுதான், குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் கொடுக்கும் ரோட்டா வைரஸின் ராஜபாட்டை. தண்ணீரும் மாடும் கிளைப் பாதைகள். எங்கே முதலில் மறிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கு முக்கியம். அதனால் படிகளையும் அந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன்.

படி 1: எதிராளியைத் தெரிந்துகொள்ளுங்கள்

1973-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும், பேதியால் வாடிய குழந்தைகளின் சிறுகுடல் திசுவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இந்த வைரஸைக் கண்டார்கள். பார்க்கச் சக்கரம் மாதிரி இருந்ததால் லத்தீனில் சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா' என்ற பெயர் பின்னால் வந்தது. ஆனால் அதற்கு நான்கு வருஷம் முன்பே, 1969-இல், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கழிச்சல் கண்ட கன்றுகளிடம் இதன் உறவுக்கார வைரஸைப் பார்த்துவிட்டார்கள். நம் வீட்டுப் பட்டிமன்றத்துக்கு வயது ஐம்பதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

தெரிந்திருக்க வேண்டிய எண்கள் இரண்டு. நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடி வைரஸ் துகள்களும் அதற்கு மேலும் இருக்கலாம். இன்னொரு குழந்தைக்கு நோய் வர நூறுக்கும் குறைவான துகள்கள் போதும். ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாத அளவு, நகக்கண்ணில் ஒட்டியிருந்தால் அதில் பத்தாயிரம் இருக்கும். கை சுத்தமாகத்தான் தெரிகிறது என்ற பேச்சுக்கு இங்கே பொருளே இல்லை.

வைரஸ் உள்ளே போனதிலிருந்து நோய் வெளியே தெரிய ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். முதலில் காய்ச்சலும் வாந்தியும் வரும், பிறகு தண்ணீராகப் பேதி. மூன்று நாளில் நிற்கலாம், எட்டு நாள் வரைக்கும் போகலாம். பேதி தொடங்குவதற்கு முன்பே குழந்தை வைரஸை வெளியேற்றத் தொடங்கிவிடும், நின்ற பிறகும் பல நாள் வெளியேற்றும். பெரியவர்களுக்கும் தொற்றும். ஆனால் பெரும்பாலும் லேசாக வயிறு கலங்குவதோடு போய்விடும், சிலருக்கு அதுவும் இருக்காது. அதனால்தான் பாட்டி நன்றாக இருக்கிறாரே, அவர் எப்படிக் கொடுத்திருப்பார் என்ற கேள்வி எடுபடாது.

பல் முளைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பல் முளைக்கிற ஆறு மாதத்துக்கு அப்புறம்தான் குழந்தை தவழும், கண்டதையும் வாயில் வைக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியும் அப்போதுதான் வடியும். பேதியும் பல்லும் ஒரே சமயத்தில் வருவது அதனால்தான். பழி மட்டும் பல்லின் மேல் விழுகிறது.

படி 2: வீட்டை ஒரு தாளில் வரையுங்கள்

கட்டடப் படம் வேண்டாம், கோணல்மாணலாக இருந்தால் போதும். குழந்தை படுக்கும் இடம், கால் கழுவிவிடும் இடம், துணி அலசும் கல், குடிதண்ணீர்க் குடம், அடுப்படி, கழிப்பறை, சாக்கடை, தொழுவம், எருக்குழி, கிணறோ போர்க்குழாயோ இருந்தால் அதுவும். இப்போது ஒரு நாள் முழுக்க, குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கை அடுத்து எதைத் தொடுகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். கழுவிய தண்ணீர் எங்கே ஓடுகிறது என்பதற்கு இன்னொரு நிறம்.

சித்தி வீட்டுக்கு நான் இப்படி வரைந்தபோது குடத்தின் மேல் மட்டும் ஏழு கோடு விழுந்தது. தொழுவத்திலிருந்து வீட்டுக்குள் வந்தவை இரண்டு, அதில் ஒன்று செருப்பு. எங்கே கை வைக்க வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிட்டது. உங்கள் வீட்டில் கோடுகள் வேறு இடத்தில் குவியலாம். எங்கே குவிகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

படி 3: கால் கழுவிவிடும் இடத்தையும் கையையும் சரிசெய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

குழந்தை மலம் அசிங்கமில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பெரியவர்கள் மலத்தைக் கண்டால் முகம் சுளிப்பவர்கள்கூடக் கைக்குழந்தையினுடையதைச் சாதாரணமாகத் துடைத்துப் போட்டுவிடுவார்கள். பாசம் சரி. ஆனால் ரோட்டா வைரஸைப் பொறுத்தவரை வீட்டிலேயே ஆபத்தான மலம் அதுதான்.

முதலில் இடம். துவைக்கிற கல்லும் பாத்திரம் கழுவும் இடமும் வேண்டாம். கழிப்பறைக்குள்ளேயே, தண்ணீர் நேராகக் கழிப்பறைக் குழிக்குள் போகிற மாதிரி கழுவிவிடுங்கள். அங்கே கொண்டுபோக முடியவில்லையென்றால் ஒரு பேசினில் கழுவி, தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். அந்தப் பேசினுக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள்.

அப்புறம் துணி. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, துணியைத் தனி வாளியில் சுடுதண்ணீரும் சோப்புத்தூளும் போட்டு ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். டயப்பர் பயன்படுத்தினாலும் உள்ளே இருப்பதைக் கழிப்பறையில் தட்டிவிட்டுத்தான் சுருட்ட வேண்டும். காகிதத்தில் மடித்துக் குப்பை வண்டிக்காரரிடம் தனியாகக் கொடுங்கள். வாய்க்கால் ஓரமாக உப்பிக் கிடக்கும் டயப்பர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பக்கத்து வயல் கிணறுதான் நினைவுக்கு வரும்.

கடைசியாகக் கை. இந்த வைரஸ் கையில் மணிக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். வெறும் தண்ணீரில் அலசுவது போதாது. சோப்புப் போட்டு, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். இருபது நொடி என்பார்கள். கடிகாரம் பார்க்காமல் நிதானமாகத் தேய்த்தால் அவ்வளவு ஆகிவிடும். குழாய் இல்லாத இடத்தில் இன்னொருவர் சொம்பில் ஊற்றிக் கொடுக்கட்டும். முந்தானையிலும் லுங்கியிலும் துடைப்பதை விட்டுவிட்டுக் கையை உதறிக் காயவிடுங்கள். சோப்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சித்தி வீட்டில் சோப்பு குளியலறை மாடத்தில் இருந்தது, குழந்தைக்குக் கால் கழுவிவிடுவதோ கொல்லையில். பழைய நைலான் வலைப்பையில் ஒரு சோப்பைப் போட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டோம். ஆயிரம் அறிவுரை செய்யாததை அந்தப் பை செய்தது.

நகத்தை வெட்டுங்கள். குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் அக்காவோ அண்ணனோ பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தால் அவர்கள் கையும் கணக்கில் உண்டு.

படி 4: தரை, பொம்மை, தொட்டில்

கையில் மணிக்கணக்கு என்றால் பிளாஸ்டிக், உலோகம், தரை போன்ற பரப்புகளில் நாள்கணக்கு, வாரக்கணக்கு. இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. மூன்றடுக்குப் புரதக் கூடு மட்டும்தான். அதனால் எளிதில் சாகாது. வாசனையான பினாயில் ஊற்றித் துடைத்தால் மனதுக்குத் திருப்தியாக இருக்கும், ஆனால் இந்த வைரஸுக்கு அதை நம்ப முடியாது. குளோரின் வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 15 கிராம், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கலக்கித் தெளியவைத்து, மேல் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். மலமோ வாந்தியோ விழுந்த இடத்தை முதலில் காகிதத்தால் வழித்து எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு இதை ஊற்றிப் பத்து நிமிஷம் விட வேண்டும். அழுக்கின் மேல் நேராக ஊற்றினால் குளோரினை அழுக்கே தின்றுவிடும். கழிப்பறை ஆசிடோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். கையுறை போட்டுக்கொண்டு அன்றன்றைக்குக் கலக்குங்கள்.

வாயில் வைக்கிற பொம்மைகளுக்கு இவ்வளவு காரம் வேண்டாம். கொதிக்கும் தண்ணீர் தாங்குகிறவற்றைக் கொதிக்கவையுங்கள். மற்றதைச் சோப்பால் கழுவி வெயிலில் வையுங்கள்.

படி 5: தண்ணீர்

கொதிக்கவைத்தால் வைரஸ் செத்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதி வந்ததும் இறக்கலாம், கால் மணி நேரம் எரிவாயுவை வீணாக்க வேண்டாம். தொட்டித் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், கலந்த பிறகு ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கலங்கல் தண்ணீருக்கு இந்த அளவு போதாது. முதலில் தெளியவையுங்கள்.

கொதிக்கவைத்த தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, அதற்குள் கையோடு சொம்பை விட்டால் பட்ட பாடு வீண். குழாய் வைத்த பாத்திரம் வாங்குங்கள், இல்லாவிட்டால் நீளக் காம்புள்ள அகப்பையால் மொள்ளுங்கள்.

ஆனால் தண்ணீர் மட்டும் சுத்தமானால் ரோட்டா போய்விடும் என்று நம்பாதீர்கள். காலரா அப்படி அடங்கும், இது அடங்காது. குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிற நாடுகளிலும், தடுப்பு மருந்து வருவதற்கு முன், ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தத் தொற்று வந்துதான் போனது. இந்தியாவில் இது உச்சத்துக்குப் போவதும் மழைக்காலத்தில் இல்லை, டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர் மாதங்களில். தெற்கே ஏற்ற இறக்கம் குறைவு, வருஷம் முழுக்கவே இருக்கும்.

படி 6: தொழுவம்

மாட்டிடமிருந்து மனிதனுக்கு வருமா? வரும், ஆனால் நாம் பயப்படுகிற விதத்தில் அடிக்கடி வருவதில்லை. மாட்டு வைரஸ் மாட்டுக் குடலுக்குப் பழகியது, நம் குடலில் அதற்குக் கால் ஊன்றுவது கஷ்டம். ஒரு குழந்தைக்கு வந்தாலும் அங்கிருந்து ஊர் முழுக்கப் பரவுவது இன்னும் கஷ்டம்.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. ஒரே சரடாக இல்லாமல் 11 துண்டுகளாக இருக்கும். பதினொரு பெட்டி ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குடலில் மனித வைரஸும் மாட்டு வைரஸும் ஒரே நேரத்தில் நுழைந்தால், ஜோலார்பேட்டை ஜங்ஷனில் பெட்டியைக் கழற்றி இன்னொரு ரயிலில் மாட்டுவது போலத் துண்டுகள் இடம் மாறும். வெளியே வருவது ஒரு கலப்பு ரயில்.

இதற்கு நல்ல சாட்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூரில் பிறந்த குழந்தைகளிடம் ஐ321 என்ற வைரஸைக் கண்டார்கள். அதன் 11 துண்டுகளில் 9 மாட்டினுடையவை, 2 மனிதனுடையவை. குழந்தைகளுக்கு நோய் அறிகுறியே இல்லை. ஐ321 சேர்ந்த ஜி10பி[11] என்ற அதே வகை வேலூரிலும் பிறந்த சில நாளே ஆன குழந்தைகளிடம் தென்பட்டது. அங்கே சில குழந்தைகளுக்கு அறிகுறி இருந்தது, சிலருக்கு இல்லை. பின்னால் வரும் தொற்றுகளிலிருந்து அது பாதுகாப்பும் தரவில்லை. 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடம் கிடைத்த 116இ என்ற வைரஸ் இன்னும் சுவாரசியம். 10 துண்டு மனிதனுடையது, ஒன்று மட்டும் மாட்டினுடையது. இயற்கையிலேயே வீரியம் குறைந்த அந்த 116இ-யைத்தான் 'ரோட்டாவாக்' என்று இன்று குழந்தைகள் வாயில் சொட்டுகிறோம். மாட்டுப் பெட்டி ஒன்று மாட்டிய ரயில்தான் நம் பிள்ளைகளுக்குக் காவல்.

சரி, தொழுவத்தில் என்ன செய்வது? கன்றுக்கு ரோட்டா பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று வாரத்துக்குள் வரும், மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தண்ணீராகக் கழியும். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தாக வேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு, 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். நஞ்சுக்கொடி விழட்டும் அப்புறம் கறக்கலாம் என்று காத்திருந்தால் கன்றுதான் இழக்கும். கழியும் கன்றைத் தனியே கட்டி, தனி வாளி வையுங்கள். நல்ல கன்றுகளைக் கவனித்த பிறகு கடைசியாக அதனிடம் போங்கள். பாலை நிறுத்த வேண்டாம், இழந்த தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டுங்கள், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கன்றுக் கழிச்சலுக்கு ரோட்டா மட்டும் காரணமில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் அதே வயதில் வரும், அது ரோட்டாவைவிடச் சுலபமாக மனிதனுக்குத் தாவும். கன்று வாயில் விரல் கொடுத்துப் பழக்கியவர் சோப்புப் போடாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது என்பதற்கு அந்த ஒன்றே போதுமான காரணம்.

தொழுவத்துக்கென்று ஒரு செருப்பு வைத்து வாசலோடு கழற்றிவிடுங்கள். எருக்குழி கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் இருக்கக் கூடாது. சூடேறி நன்றாக மக்கிய எருவையே வயலுக்குக் கொண்டுபோங்கள், கீரைப் பாத்தியில் பச்சைச் சாணக் கரைசல் வேண்டாம். மார்கழியில் வாசல் தெளிக்கவும், சாணியைப் பிடித்துப் பூசணிப்பூ வைக்கவும் கழியும் கன்றின் சாணத்தை எடுக்காதீர்கள், பெரிய மாட்டினுடையதை எடுங்கள். பிள்ளைகள் பூ வைத்துவிட்டு அப்படியே வெண்பொங்கலுக்கு ஓடிவருவார்கள், வழியில் சோப்பைக் காட்டி நிறுத்துங்கள்.

படி 7: சொட்டு மருந்து

மேலே சொன்னதெல்லாம் செய்தாலும் ஏதோ ஒரு கை ஏதோ ஒரு நாள் தவறும். அதற்குத்தான் தடுப்பு மருந்து. இந்திய அரசுத் திட்டத்தில் 2016-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, தமிழ்நாட்டுக்கு 2017-இல் வந்தது. 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ரோட்டாவாக் என்றால் ஒரு தவணைக்கு ஐந்து சொட்டு. தள்ளிப்போய்விட்டால் ஒரு வயது முடிவதற்குள் முதல் தவணையையாவது தொடங்கிவிடுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

மருந்து கொடுத்தும் பேதி வந்ததே என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், கடுமையான ரோட்டா பேதியை முதல் வருஷத்தில் ஏறத்தாழ 55 சதவீதம் தடுத்தது ரோட்டாவாக். முழுத் தடுப்பு இல்லை. ஆனால் இயற்கைத் தொற்றே இங்கே முழுத் தடுப்பு தருவதில்லை. வேலூரில் 373 குழந்தைகளை மூன்று வயது வரை பின்தொடர்ந்து பார்த்ததில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் முதல் தொற்று வந்துவிட்டது. மூன்று முறை தொற்றிய பிறகும் நடுத்தர, கடும் நோய்க்கு எதிரான பாதுகாப்பு 79 சதவீதம்தான். மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் வருஷத்துக்கு ஏறத்தாழ 78,000 குழந்தைகளை ரோட்டா கொன்றதாக மதிப்பிட்டார்கள். அதில் பாதி தப்பினாலும் எத்தனை வீடு என்று பாருங்கள்.

சொட்டு மருந்து உயிருள்ள வைரஸ் என்பதால் சில நாள் மலத்தில் வரும், கை கழுவுவது அப்போதும் பொருந்தும். மருந்துக்குப் பின் குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, வாந்தி எடுத்து, மலத்தில் ரத்தமும் சளியுமாக வந்தால் குடல் செருகலாக, அதாவது குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொண்டதாக, இருக்கலாம். மிக அரிது. ஆனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 8: பேதி வந்தே விட்டால்

கொல்வது வைரஸ் இல்லை, உடம்பிலிருந்து போகிற தண்ணீரும் உப்பும்தான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் மொத்தமாகக் கலக்குங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பாதி பாதியாகப் பிரிக்காதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். 24 மணி நேரம் ஆன கரைசலைக் கொட்டிவிடுங்கள். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கிற பழச்சுவைச் சர்க்கரைத் தண்ணீர் இதற்கு மாற்று இல்லை, பேதியைக் கூட்டவும் செய்யும்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சாப்பிடும் குழந்தைக்குக் குழைந்த சோறும் பருப்பும் வழக்கம்போல. துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், கீழே இருந்தால் 10. பேதி நின்றாலும் மாத்திரையை முடிக்க வேண்டும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பெரியவர்கள் போடும் பேதி நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து. உரம் எடுப்பதற்கும் குடல் தட்டுவதற்கும் ஆள் தேடிப் பொழுதைக் கழிக்காதீர்கள், அந்த நேரத்தில் நாலு கரண்டி கரைசல் உள்ளே போயிருக்கும்.

கண் உள்வாங்குவது, உச்சிக்குழி பள்ளமாவது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகப் போவது, ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லாதது, குடிக்கக்கூட முடியாமல் துவண்டு கிடப்பது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, மலத்தில் ரத்தம். இதில் எது தெரிந்தாலும் வண்டியைப் பிடியுங்கள், வழியிலும் கரண்டியை நிறுத்தாதீர்கள்.

பேதி நின்று இரண்டு நாள் ஆகும்வரை அங்கன்வாடிக்கு அனுப்ப வேண்டாம். விசேஷ வீட்டுக்கும் தூக்கிப் போகாதீர்கள். நாள்காட்டியில் பேதி நின்ற தேதியிலிருந்து பத்து நாள் எண்ணி ஒரு வட்டம் போட்டு வையுங்கள். அதுவரை தனி வாளி, தனிப் பேசின், குளோரின் எல்லாம் தொடரட்டும். குழாயில் தொங்கும் சோப்பை மட்டும் அதற்குப் பிறகும் கழற்ற வேண்டாம்.